சீனியரின் கடைசி வகுப்பு

வரலாற்று வகுப்பு முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. அத்தோடு கல்லூரியும் முடிகிறது. கடைசி பெஞ்சில் சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பே ஆசையாக வைத்த பெயர் அது.

முன் பெஞ்சுக்காரி மெல்லத் திரும்பினாள். "சீனியர், இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

"அதான் தெரியல. காலைல எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்காம எப்படி இருக்கப் போறேனோ."

மணி அடித்தது. பேராசிரியர் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"மூணு வருஷமா என் வகுப்புல நீங்க வாய் மூடி நான் பார்த்ததே இல்ல."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"எதுக்கு? போர்டுல நான் எழுதினதை எல்லாம் ஒண்ணு விடாம பொண்ணு காதுல சொன்னீங்க. எந்த அப்பா இப்படி வந்து உட்காருவார்?"

பக்கத்தில் இருந்த மகள் பைக்குள் தடவி ஒரு தாளை எடுத்தாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை.

"அப்பா, இதையும் படிங்க."

வழக்கம்போல் அவள் காதருகே குனிந்து படிக்கத் தொடங்கினார். முதலாண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம். பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அந்த வரியை மறுபடி பார்த்தார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க? ஃப்ரெண்டை விட்டு எழுதச் சொன்னேன். ஏதாவது தப்பா இருக்கா?"

"இந்த வயசுலயாம்மா?"

"கையெழுத்து மட்டும் நீங்கதான் போடணும்."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.