செம்மஞ்சள் சோடி

2006 ஜனவரி 14, சனிக்கிழமை, இருபது வயது ஹன்னா இரு காலையும் ஒரே பலகையில் பூட்டும் தன் ஸ்னோபோர்டை விற்றுவிட்டு, காலுக்கொன்றாய் மாட்டும் ஸ்கி வாங்க ஒஸ்லோவில் ஒரு கடைக்குப் போனாள். கூடவே அப்பா ஞானரட்ணமும் போனார். போன குளிர்காலத்தில் அவள் காட்டுக்குள் வழிதவறி ஆறு மணி நேரம் காணாமல் போனதிலிருந்து, பனியைக் கண்டாலே அவருக்குப் பயம்.

“ஒரு சோடிதான் வாங்கப்போறன் அப்பா. பனி இறுகின பாதையிலையும் ஓடவேணும், காட்டுக்குள்ளை புதுப்பனியிலையும் ஓடவேணும்.”

“காடோ? செத்துப் பிழைச்சது காணாதோ?” ஒடுங்கிய சோடி ஒன்றை எடுத்தார். “இது பாதைக்கு மட்டுந்தானாம். இதை எடு.”

“அது சரிவராது அப்பா.”

“கொம்மா தாங்கமாட்டா, பிள்ளை. காட்டுக்குள்ளை உனக்கென்ன வேலை?”

“வேலைதான். அண்டைக்கு என்னைத் தேடிக் கண்டுபிடிச்ச மீட்புக் குழுவிலை சேர்ந்திட்டன். ஸ்னோபோர்டோடை சமதரையிலை நகரேலாது. ஆளைத் தேடிப் போக ஸ்கிதான் வேணும்.”

ஞானரட்ணம் கையிலிருந்ததைத் திரும்ப வைத்தார். ஹன்னா கேட்ட வகையில் வெள்ளையும் சாம்பலும் செம்மஞ்சளும் இருந்தன.

“செம்மஞ்சளை எடு,” என்றார். “பனியிலை குத்தி வைச்சியெண்டா தூரத்திலையும் தெரியும்.”

அதையே வாங்கினார்கள்.