ஊதிப் பார்த்து வாங்கவும்

"ஊதிக் காட்டாம ஒண்ணைக்கூடக் குடுக்கறதில்ல சார். விளம்பரத்துலயே போட்டிருக்கேனே!"

பேண்டு மாஸ்டர் கறாராகச் சொன்னதும் வாங்க வந்தவர் திகைத்துப் போனார்.

அறை முழுக்க ட்யூபாக்கள். பேண்டு வாத்தியத்தில் கடைசி வரிசையில் ஒருவர் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதுவாரே, அந்த அண்டா வாய்ப் பித்தளைக் குழல். ஐந்து பளபளவென்று நின்றன. மூலையிலிருந்த ஆறாவதைப் போர்வை மூடியிருந்தது. எல்லாமே அறுபது, எழுபது வருஷத்துப் பழசு. மாஸ்டர் பேண்டு நடத்திய காலத்தில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை.

வந்தவர் சர்க்கஸ் பேண்டில் ட்யூபா வாசித்தவராம். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"ஊதி வேற பார்க்கணுமா சார்? பார்த்தாலே தெரியுதே! அஞ்சையும் நானே எடுத்துக்கறேன். கேட்ட விலை. வண்டி வாசல்ல நிக்குது."

கதவோரம் நின்ற மாஸ்டரின் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடுப்பெலும்பு முறிந்த அவள் அம்மா ஒரு மாதமாகக் கூடத்து சோபாவில் கிடக்கிறாள். மாடி ஏற முடியாது. கீழே இருப்பது இந்த ஒரே அறை. இதில் ட்யூபாக்கள் குடித்தனம் நடத்துகின்றன.

"அப்புறம் என்ன? ஏத்திவிடுங்க," என்றாள்.

"ஊதட்டும்."

மாஸ்டரை வெளியே இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்தபடி கேட்டாள். "புத்தி பிசகிப் போச்சா உங்களுக்கு? இவர் ஒன்பதாவது ஆள். ஊதத் தெரியலேன்னு நாலு பேரை விரட்டினீங்க. நல்லா ஊதின நாலு பேர்கிட்டயும் யோசிச்சுச் சொல்றேன்னுட்டீங்க. வாயில வெச்சு ஊதற மவுத்பீஸைக்கூடத் தர மாட்டேங்கறீங்க. அது இல்லாம எவன் வாங்குவான்?"

"நிஜமா வாசிக்கிறவன் தன்னோடதை எடுத்துக்கிட்டுத்தான் வருவான். அடுத்தவன் மவுத்பீஸ் எவன் உதட்டுக்கும் ஒத்துக்காது."

"என்னவோ போங்க. இன்னிக்கு இது போகலேன்னா நாளைக்குப் பழைய பாத்திரக்காரன் தராசோட வருவான். சொல்லிட்டேன். உங்க தம்பி போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அவர் தொட்டது, அவர் துடைச்சதுன்னு இதுகளைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்."

மாஸ்டருக்குத் தெரியும், அவள் சொன்னால் செய்பவள். நாளைக்குத் தராசு வந்துவிடும். உள்ளே வந்து, கைக்கு எட்டிய ட்யூபாவின் வால்வு மூடியைத் தடவினார். அடியில் மூன்று மெல்லிய கோடுகள் விரலில் பட்டன. தம்பியின் வேலை. லேத் பட்டறைக்காரன். எதைக் கடைந்தாலும் மூன்று கோடு இழுக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"போர்வைக்குள்ள என்ன சார்?" வந்தவர் கையை நீட்டினார்.

"அது விக்கறதுக்கு இல்ல!" மாஸ்டர் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"சரி சார், சரி. விஷயம் என்னன்னா, எனக்கு முன்பல்லு வலி. அதான் ஊதத் தயங்கறேன்."

"அப்ப பல்லு சரியானதும் வாங்க."

வந்தவர் முகம் சிவந்துவிட்டது. விருட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். மாஸ்டர் ஓரடி முன்னால் வைத்து நின்றார். கூப்பிடுவதா, போகவிடுவதா?

மனைவிதான் முந்திக்கொண்டாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இவர் பிடிச்சா பிடிதான். ஒரே ஒரு தடவை ஊதிடுங்களேன். படுத்துக் கிடக்கற எங்கம்மாவுக்காக!"

வந்தவர் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளிருந்த மவுத்பீஸைக் குழலில் செருகி, நாற்காலியில் உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய ட்யூபாவை மடியில் ஏற்றிக்கொண்டு ஊதினார்.

பல்வலியாவது, ஒன்றாவது! ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று அதிர்ந்தது. "என்னடி, இடி இடிக்குதா?" என்று கூடத்திலிருந்து அம்மா கத்தினாள்.

"அருமையா ஊதறீங்க," என்றார் மாஸ்டர். "மவுத்பீஸ் எங்க வாங்கினது?"

"பெரிய கடையில சார். பெட்டி பிரிக்காத புதுசு. ஆச்சு, பத்துப் பன்னண்டு வருஷம். வேற எதை வெச்சாலும் உதடு கேக்க மாட்டேங்குது. எங்க போனாலும் இதைத்தான் தூக்கிக்கிட்டு அலையறேன்."

"பார்க்கலாமா?"

அவர் கழற்றிக் கொடுத்தார். மாஸ்டர் அதை வேட்டியில் துடைத்தார். குழலுக்குள் இத்தனை நேரம் மறைந்திருந்த அடிப்பாகத்தை விரலால் தடவினார். விரல் மூன்று இடத்தில் தட்டி நின்றது.

"என்ன, முடிஞ்சுதா? ஏத்தச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது."

மவுத்பீஸோடு வெளியே வந்த மாஸ்டர், மடியில் ட்யூபாவோடு வந்தவர் எழுந்திருப்பதற்குள் கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டார்.

"போலீசுக்குப் போன் பண்ணு," என்றார். "நம்ம பேண்டு வேனைத் திருடி, மறிச்ச தம்பி மேலயே ஏத்திக் கொன்னுட்டு, போர்வைக்குள்ள இருக்கற ட்யூபாவைப் பாலத்தடியில வீசிட்டு, அவன் எனக்குன்னு கடைஞ்ச இந்த மவுத்பீஸை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினவன் வந்துட்டான்னு சொல்லு!"