கையேட்டில் ஒரு பத்தி

மதிய வெயில் ஜன்னல் திரை வழியாகக் கோடு கோடாக அவள் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவள் அவள். அதில் ‘காத்திரு’ என்ற வசதியைச் செய்தவன் அவளுடைய தம்பி. அதற்கான பத்தியையும் அடம்பிடித்து அவனே எழுதினான். சாலை விபத்தில் அவன் போன பிறகு வந்த புதிய பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். கையேட்டில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. கையேட்டை நம்பி அதைப் பயன்படுத்தப்போன ஒருவர், வேலையே கெட்டுவிட்டதென்று இன்று காலை எழுதியிருக்கிறார்.

பக்கத்து இருக்கைப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வருகிறாள். “அக்கா, அந்தப் பத்திய நான் வேணா எடுத்துடட்டுமா?”

“வேணாம்மா. அவன் எழுதினதுல வேற யார் கை வெச்சாலும் அவனுக்குப் பிடிக்காது. நான் வெச்சா சும்மா இருப்பான்.”

சொன்ன பிறகுதான் அந்த ‘இருப்பான்’ அவள் காதிலேயே விழுகிறது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். கணினித் திரையில் தம்பியின் வரிகள்: “மறுமுனையிலிருந்து பதில் வரும்வரை இது காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படாதீர்கள்.” கடைசி வாக்கியம் கையேட்டுக்கு ஒத்துவராது என்று அன்று சண்டை போட்டவள், அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து விட்டுக்கொடுத்தாள். இப்போது அந்தப் பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிறாள். கீழே இருந்த வரிகள் மேலேறி வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.