ஒமாஹா பலகையின் கீழ்

பட்டமளிப்புக்கு ஆறு நாளே எஞ்சியிருக்க, கல்லூரிப் புல்வெளியில் மாலை விருந்து நடக்கிறது. பிரிந்தபின்னும் தொடர்பு அறாதிருக்க, ஒரே ஊருக்கு வேலைக்குச் செல்வோர் அந்த ஊரின் பெயர்ப்பலகைக்குக் கீழே கூடி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாஸ்டன் பலகையைச் சூழ்ந்து நாற்பது பேர் ஆரவாரிக்கின்றனர். ஒமாஹா பலகையின் கீழ், உருகும் ஐஸ்கிரீம் விரல்வழி ஒழுக, கோரா ஒருத்தியே நிற்கிறாள். நான்காண்டு அவளோடு ஒரே அறையில் வாழ்ந்த டெல்ஃபின் அந்த நாற்பதின் நடுவே இருக்கிறாள். "இன்னிக்காவது சேர்ந்து சாப்பிடலாம்னியேடி!" என்று கோரா கூவுகிறாள். "இதோ வந்துட்டேன்டி!" மேலைக் கதிர் கூந்தலில் பொன்பூச, டெல்ஃபின் ஓடிவருகிறாள். கோரா முகம் மலர்ந்து, தன்னருகே இடம்விட்டு நகர்கிறாள். "நீ சும்மாதானே நிக்கிற? எங்க பாஸ்டன் கூட்டத்தை ஒரு போட்டோ எடுத்துக் குடுடி." பிசுபிசுத்த கையில் கைபேசியைத் திணித்துவிட்டு அவள் திரும்பி ஓடுகிறாள். திரையில் நாற்பது முகங்கள் சிரிக்கின்றன. "இன்னும் பின்னால போடி, எல்லாரும் படத்துல விழணும்!" பல்லைக் கடித்துக்கொண்டு, கோரா மேலும் ஓரடி பின்வைக்கிறாள்.