கோலா டப்பா நுழையாத தொட்டில்

"அதை வாங்காதீங்க."

ஹிஷாமின் கை தங்க முலாம் பூசிய தொட்டிலின் மேலேயே நின்றுவிட்டது. நான்கு மூலையிலும் செதுக்கிய அன்னங்கள், உள்ளே பட்டுத் தலையணை, சுற்றிலும் மெத்தென்ற திண்டு. மரவேலைக்குப் பேர்போன தும்யாத் ஊர்த் தச்சர்கள் ஏதோ பாஷாப் பிரபுவின் பிள்ளைக்குச் செய்தது போல இருந்தது.

"ஏன் உஸ்தாஸ்? பிறக்கப்போற குழந்தையோட ஏழாம் நாள் விழாவுக்கு மாமியார் ஊரே திரண்டு வருது. பாத்தவங்க வாயைப் பொளக்க வேண்டாமா?"

"பொளக்கட்டும். அந்த அன்னத்தோட மூக்குல குழந்தை சட்டை மாட்டிக்கும். தலையணையும் திண்டும் மூச்சை அடைக்கும்."

கடை மேசைக்குப் பின்னாலிருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் தேநீரை வைத்துவிட்டு, ஒரு கோலா டப்பாவுடன் எழுந்து வந்தார். அதைத் தொட்டில் கம்புகளுக்கு நடுவே தள்ளினார். டப்பா உள்ளே போய் விழுந்தது.

"டப்பா போனா உடம்பு போகும். உடம்பு போனா தலை மாட்டும்."

நிறைமாத வயிற்றோடு நின்ற நிவீன் கணவனை முறைத்தாள். "நான் சொன்னா கேட்டியா? எங்கக்கா பையன் தலை மாட்டிக்கிட்டு, ரம்பம் கொண்டுவந்து அறுத்தாங்களே, மறந்துட்டியா?"

"தொட்டிலைத்தானே அறுத்தாங்க."

அடுத்தது வெள்ளைத் தொட்டில். அவர் மெத்தையில் உள்ளங்கையை அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. "குப்புறப் புரண்டா மூஞ்சி புதைஞ்சிடும். வேண்டாம்." மூன்றாவதை உலுக்கினார். "ஆடுது. வேண்டாம்."

ஹிஷாமுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல வியாபாரம் போங்க. இப்படி விரட்டினா கடையில ஈதான் ஓட்டணும்."

அதற்குள் நிவீன் மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கிவிட்டாள். "இது?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "அது சாதா மரம்மா. பூ இல்ல, அன்னம் இல்ல. உங்க விருந்தாளிங்க சிரிப்பாங்க."

நிவீன் டப்பாவை வாங்கித் தள்ளினாள். நுழையவில்லை. மெத்தையை அழுத்தினாள். பள்ளம் விழவில்லை. உலுக்கினாள். அசையவில்லை.

"இதுல என்ன குறை, உஸ்தாஸ்?"

அவர் தொட்டிலை இரண்டு முறை சுற்றி வந்தார். "பொய் சொல்ல வரல. ஒண்ணுமில்ல."

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

நிவீன் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மாசமா அந்த ரம்பச் சத்தம் கனவுல வருது. இன்னைக்காவது தூங்குவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "எடுத்துட்டுப் போங்க. ஆறாயிரத்து இருநூறு பவுண்டு."

மனிதர் மனம் மாறுவதற்குள் ஹிஷாம் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்து, தொட்டிலைக் காரின் கூரையில் கட்டினான். "தும்யாத்துலயே நேர்மையான வியாபாரி நீங்கதான்," என்று ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனான்.

"மன்னிச்சுக்க தம்பி, இமாம் இன்னைக்கு நீட்டி முழக்கிட்டார். தொழுதுட்டு வர்ற வரைக்கும் கடையைப் பாத்துக்கிட்டியே, நல்லா இருப்ப," என்றபடி படியேறி வந்தார் கடைக்காரர் ஹாஜி தஸூகி. "வா, ஒரு வாரமா அலைஞ்சு காலையில நீ காசு கட்டின தொட்டிலை வண்டியில ஏத்திடலாம். எங்க அது?"

மூக்குக்கண்ணாடிக்காரர் கோலா டப்பாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

"வித்துட்டேன் ஹாஜி. நாளைக்குப் பிரசவமாகப் போற என் பொண்டாட்டிகிட்ட அதை நீங்கதான் சொல்லணும்."