பெரிய வட்டு கேட்ட மன்னிப்பு

உலோகம் தேடும் கருவி ஒன்றிடம் அதன் அடியில் மாட்டும் சின்ன வட்டு ஒன்று வெகுகாலமாக வேலை பார்த்தது. மண்ணுக்குள் கிடப்பதைக் கண்டு சத்தம் கொடுப்பது அதன் வேலை.

"உனக்குத் துணையா இன்னொரு வட்டு வாங்கப்போறேன். எது தோதுப்படும்?" என்று கருவி கேட்டது.

சின்ன வட்டுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் தேடப்போவதெல்லாம் ஆணி இறைந்து கிடக்கும் இடிந்த வீடுகளில்தான். அங்கே பெரிய வட்டு திணறும் என்று தெரிந்தே, "இருக்குறதுலயே பெரிசா வாங்குங்க" என்றது.

பெரிய வட்டு வந்தது, ஓர் இடிந்த வீட்டில் தேடப் போனது. பல ஆணிகள் ஒன்றாக அதன் அடியில் சிக்க, எதைச் சொல்வதென்று தெரியாமல் ஓயாமல் அலறியது. அந்த வீட்டில் யாரோ தொலைத்திருந்த தோடு கிடைக்கவே இல்லை. கருவி அதைக் கழற்றிச் சின்ன வட்டின் பக்கத்தில் வைத்தது.

"அண்ணே, நீங்க சொல்லித்தான் என்னை வாங்கினாங்களாம். உங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றது பெரிய வட்டு.

சின்ன வட்டு கூனிக் குறுகிப்போனது. கருவியைக் கூப்பிட்டு, "குத்தம் அதுமேல இல்லை. வெறும் மணல்ல அது என்னைவிட ஆழமாத் தேடும். ஆணிக்கு நடுவுல திணறும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றது.

கருவி பெரிய வட்டை மாட்டிக்கொண்டு ஆற்று மணலுக்குக் கிளம்பியது.

எல்லாவற்றையும் கேட்டிருந்த பெரிய வட்டு, வாசலில் திரும்பி, "போயிட்டு வர்றேன் அண்ணே" என்றது.