ஒராதிலேக்கு இடமில்லை

வெள்ளக் காலத்தில் எங்கள் ஒகவாங்கோ சதுப்புநிலச் சுற்றுலா முகாமிலிருந்து மவுன் நகரத்துக்குச் சாலை கிடையாது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் சின்ன விமானத்தில் இடம் மிஞ்சினால்தான் வேலையாட்கள் ஊருக்குப் போகலாம். விமானிக்குப் பின்னால் ஆறு இருக்கைகள்.

சமையல்காரி ஒராதிலேயின் மகளுக்கு மவுனில் தலைப்பிரசவம். முகாமின் ஜீப் ஓட்டுநரான நான் திங்கட்கிழமை ஒராதிலேயை ஓடுபாதைக்குக் கூட்டிப்போனேன். பயணிகள் ஐந்து பேர் ஏறினார்கள். விமானி லெசேகோ உள்ளே எட்டிப் பார்த்து, "இடமில்லையேம்மா" என்றான். நானும் பார்த்தேன். ஆறு இருக்கைகளிலும் ஆள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான்கு பேர்தான் ஏறினார்கள். அன்றும் ஆறும் நிறைந்திருந்தன.

"இந்த வெள்ளைக்காரங்க உள்ள போனதும் குட்டி போடுறாங்களா?" என்று ஒராதிலே கேட்டாள். லெசேகோ சிரித்தான்.

புதன்கிழமை மகளுக்கு வலி கண்டுவிட்டதாக ரேடியோவில் தகவல் வந்தது. முகாமில் பயணிகளே இல்லை. லெசேகோ ஒராதிலேக்காகவே காலி விமானத்தைக் கொண்டுவந்தான். ஓடுபாதையில் மேய்ந்த வரிக்குதிரைகளை நான் விரட்டியபின் தரையிறங்கினான்.

"வாங்கம்மா, இன்னைக்கு எந்த சீட்டு வேணும், சொல்லுங்க" என்று கதவைத் திறந்தான்.

உள்ளே யாரும் இல்லை. ஆனால் ஆறு பெல்ட்டுகளும் பூட்டியிருந்தன. அவை இருக்கையில் படியாமல், வயிறு இருக்கும் தூரத்தில் விறைத்து நின்றன.

லெசேகோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்மா."

"நாளைக்குப் பிள்ளையே பிறந்திருமேப்பா."

அவன் கதவைச் சாத்தினான். காலி விமானம் பாதி ஓடுபாதையிலேயே எழும்பிவிடும். அன்று அது கடைசிவரை ஓடி, மர உச்சிகளை உரசிக்கொண்டுதான் மேலே போனது.